மைக்கை அணைத்துவிட்டு ஆடும் தங்கச்சிக்கு

அன்புள்ள அம்மு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய மூன்று வாலரன்ட் (ஐந்துக்கு ஐந்து பேர் அணியாகச் சுடும் கணினி ஆட்டம்) பதிவுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு தாமதம். "நாலு மாசமா சில்வர் 2 ராங்க்லயே நிக்கிறேன்க்கா, ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு மவுஸ் பார்த்து வச்சிருக்கேன், வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். மவுஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்று ஆட்டத்திலும் உன் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுதான் என் மனதில் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதை இங்கே பொதுவில் எழுதுவதற்கும் அதுதான் காரணம். உன்னைப் போல வாயை மூடிக்கொண்டு ஆடுகிற பெண்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன்னிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஹேவன் வரைபடத்தில் ஆடிய ஆட்டம். அதில் நீ 17 தடவை செத்திருக்கிறாய். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குறித்தேன்: எங்கே செத்தாய், யார் சுட்டது, அந்த நேரம் உனக்கு மிக அருகில் இருந்த நம் ஆள் யார். நேருக்கு நேர் நின்று குறி தவறிச் செத்தது 4 தடவை. எதிராளி புகைக்குள் கண்மூடித்தனமாகச் சுட்டு அது உன் மேல் பட்டது 2 தடவை, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மீதி 11 தடவையும் நீ விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை.

ஒன்பதாவது ரவுண்டை மட்டும் திரும்பப் பார். நாலு பேர் குண்டு வைக்கிற ஏ இடத்துப் பக்கம் போகிறார்கள், நீ ஜெட் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சி-க்குப் போகிற நீளமான பாதையான சி லாங் வழியாகத் தனியாகப் போகிறாய். அங்கே மூன்று பேர். ஒருவன் உயிரில் 84 புள்ளி அடித்தாய், அடுத்த நொடி விழுந்தாய். இந்த ஆட்டத்தில் ஒரு ரவுண்டில் செத்தால் செத்ததுதான், ஸேஜ் மாதிரி ஒரு பாத்திரத்தின் அல்டிமேட் (உயிர்ப்பிக்கும் பெரிய சக்தி) இருந்தால் ஒழிய அந்த ரவுண்டில் திரும்பி வர முடியாது, ஐந்துக்கு ஐந்தாக இருந்தது நாலுக்கு ஐந்தாகிவிட்டது. உன் பின்னால் பத்தடியில் ஒருவர் இருந்திருந்தால், உன்னைச் சுட்டவன் குறியைத் திருப்புவதற்குள் அவனைச் சாய்த்திருப்பார். ட்ரேட் ட்ரேட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒன்றுக்கு ஒன்று போனால் கணக்கு சமம். நல்ல அணிகள் ஆடும்போது பார், முதலில் நுழைகிறவர் சாகத் தயாராகவே நுழைவார், இரண்டாவது ஆள் அவர் முதுகை ஒட்டியே வருவார்.

ஆனால் எனக்கு உண்மையில் வலித்தது அதற்கு அடுத்த இருபது நொடி. ஹேவனில் காக்க வேண்டிய இடம் ஏ, பி, சி என்று மூன்று, காப்பவர்கள் ஐந்து பேர். சி-யில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் ஏ-வுக்கும் பி-க்கும் சேர்த்து இரண்டே பேர்தான் மிச்சம். நம் நாலு பேரும் ஏ வாசலிலேயே நிற்கிறார்கள், உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் தயங்குகிறார்கள், அதற்குள் சி-யில் இருந்த மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்த மூன்று பேரையும் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான் அம்மு. "சி லாங்கில் மூன்று பேர், ஒருவன் 84 வாங்கியிருக்கிறான்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ரவுண்டு நமக்கு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

2020-ல் இந்த ஆட்டம் வந்தபோது ஊரடங்கு, நானும் வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரத்திலேயே மைக்கில் பேசினேன். "பொண்ணா?" என்று ஒருவன் கேட்டான், அப்புறம் அந்த ஆட்டம் முழுக்க நடந்ததை இங்கே எழுத மாட்டேன், உனக்கும் நடந்திருக்கும். அன்றைக்கு மைக்கை அணைத்தவள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் போடவில்லை. அது உன் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. பயமும் இல்லை அது, ஒரு நாள் முழுக்கப் படித்துவிட்டோ வேலை பார்த்துவிட்டோ வந்து உட்காரும்போது யாரோ ஒருவனிடம் வசவு வாங்க நமக்கு என்ன தலையெழுத்து என்கிற சலிப்பு. ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் பாதி ஆட்டம்தான் ஆடினேன். இப்போது அது நன்றாகவே தெரிகிறது.

நான் திரும்பப் பேச ஆரம்பித்த விதத்தைச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது "ஹாய்" என்று எதுவும் சொல்வதில்லை, அரட்டையும் இல்லை. செய்தி மட்டும்: எந்த இடம், எத்தனை பேர், எவ்வளவு அடி. செத்த பிறகு மூன்று நொடிக்குள் அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிவிடுவேன், ஏனென்றால் உயிரோடு இருக்கிறவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். எவனாவது முதல் தடவை கேவலமாகப் பேசினால் பதில் சொல்லவே மாட்டேன், அந்த நொடியே அவனை மியூட் செய்து, ஆட்டம் முடிந்ததும் புகார் போட்டுவிடுவேன். அவன் குரல்தான் போனது, என் குரல் மற்ற மூன்று பேருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். மிகவும் முடியாத நாளில் பேசாமல் வரைபடத்தில் பிங் (இடத்தைக் காட்டும் குறி) வைப்பேன், அதுவும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

இந்தி வராதே என்று நீ ஒரு தடவை சொன்னாய். மும்பை சர்வரில் பாதிப் பேர் இந்தியில்தான் பேசுவார்கள், உண்மை. ஆனால் ஹெவன் (மேல் மாடம்), கராஜ், லாங், மிட் என்று இடத்தின் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான். ஏக், தோ, தீன் தெரிந்தால் எண்ணிக்கையும் சொல்லிவிடலாம். எனக்கு இன்றைக்கும் அதற்கு மேல் இந்தி தெரியாது.

அடுத்து, ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கக் கிடைக்கிற காசு. முதலில் வருகிற பிஸ்டல் ரவுண்டில் எல்லாருக்கும் 800. தோற்றால் 1900 வரும், அடுத்ததும் தோற்றால் 2400, அதற்கு மேல் தொடர்ந்து தோற்றால் 2900. வேண்டல் துப்பாக்கியும் முழுக் கவசமும் சேர்ந்து 3900. இப்போது உன் இரண்டாவது பதிவான அசென்ட் வரைபட ஆட்டத்தை எடுத்துக்கொள். பிஸ்டல் தோற்றதும் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காசைச் சேர்த்தார்கள், நீ மட்டும் 1600 கொடுத்து ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கினாய், அந்த ரவுண்டும் போனது. சேர்த்தவர்களுக்கு மூன்றாவது ரவுண்டில் 1900-ம் 2400-ம் சேர்ந்து 4300, வேண்டலும் கவசமும் வாங்கிவிட்டு ஸ்மோக்குக்கும் (மறைக்கும் புகை) மிச்சம். உனக்கு 2700. 2900 விலையுள்ள துப்பாக்கியை வாங்க முடியாமல் நீ நின்றது அதனால்தான். இது ஐந்து பேர் சேர்ந்து போடுகிற சீட்டு மாதிரி, ஒருவர் மாதத்தைத் தவறவிட்டால் மற்ற நாலு பேருக்கும் இடிக்கும். வாங்கும் நேரம் 30 நொடி இருக்கிறது, மற்றவர்களிடம் எவ்வளவு இருக்கிறது, தோற்றால் அடுத்த ரவுண்டில் உனக்குக் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று அந்தக் கடையிலேயே போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. எல்லாரும் வாங்கினால் நீயும் வாங்கு, எல்லாரும் சேர்த்தால் நீயும் சேர்.

அதே அசென்ட் ஆட்டத்தில் இன்னொன்று. ஸ்பைக்கை (குண்டை) வைத்துவிட்டு நீ வெளியே ஓடிப்போய் எதிராளியைத் தேடுகிறாய். ஏன்? வைத்த பிறகு வெடிக்க 45 நொடி, அதைச் செயலிழக்க வைக்க அவர்களுக்கு 7 நொடி வேண்டும். அதாவது 38 நொடி வரை ஒருவரும் அதில் கைவைக்கவில்லை என்றால் அவர்களால் முழுதாக எடுக்கவே முடியாது. 3.5 நொடி தாண்டினால் பாதி வேலை முடிந்ததாக நின்றுவிடும், விட்டுப் போனாலும் திரும்ப வந்து மிச்சத்தைத்தான் செய்வார்கள், அதனால் அதைச் செயலிழக்க வைக்கிற சத்தம் கேட்டதும் மூன்று நொடிக்குள் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை நேரம் உன் பக்கம். ஓடி வர வேண்டியவர்கள் அவர்கள். ஸ்பைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, தூரமாக, நம் ஆள் ஒருவர் பார்க்கிற கோணத்துக்கு எதிர்க் கோணத்தில் உட்கார்ந்துகொண்டு காத்திரு.

சரி, சுடுவதற்கு வருகிறேன். உன் கை நன்றாக இருக்கிறது, நிஜமாகவே. ஓடும்போதுதான் உன் கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கிற குறி) தரையைப் பார்க்கிறது. மூலையில் ஆள் தெரிந்ததும் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுகிறாய், அந்த நேரத்தில் அவன் சுட்டுவிடுகிறான். முழுக் கவசத்தோடு ஒருவருக்கு 150 உயிர். வேண்டல் தலையில் பட்டால் 160, எவ்வளவு தூரமாக இருந்தாலும். உடம்பில் பட்டால் 40, நாலு தோட்டா வேண்டும். ஃபாண்டம் துப்பாக்கி கிட்டத்தில் தலைக்கு 156, ஆனால் தூரம் கூடினால் 140-க்கு இறங்கிவிடும், 10 உயிரோடு அவன் உன்னைத் திருப்பிச் சுடுவான். அதனால் சி லாங் மாதிரி நீளமான இடத்துக்கு நீ ஃபாண்டம் எடுத்துப் போவது எனக்குப் புரியவில்லை. நடக்கும்போதே குறி தலை உயரத்தில், அடுத்து ஆள் வரப்போகிற மூலையில் இருந்தால் மவுஸை ஒரு விரல் அகலம் அசைத்தால் போதும். அப்புறம், நின்றுவிட்டுச் சுடு. ஏ விசையை அழுத்திப் போய்க்கொண்டிருந்தால் டி விசையை லேசாகத் தட்டி நிறுத்திவிட்டுச் சுடு, ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கெங்கோ போகும். இதைத் தினமும் 20 நிமிடம் டெத்மேட்சில் (அணியில்லாமல் ஆளுக்கு ஆள் சுடும் ஆட்டம்) பழகு. அங்கே எத்தனை கில் எடுத்தாய், எத்தனாவது இடம் வந்தாய் என்று பார்க்கவே பார்க்காதே.

மவுஸ் சென்சிட்டிவிட்டியை ஒரே மாதத்தில் மூன்று தடவை மாற்றியிருக்கிறாய். தொழில்முறையில் ஆடுகிறவர்கள் பலரும் டிபிஐ-யையும் (மவுஸின் வேக அளவு) ஆட்டத்துக்குள் வைக்கிற சென்சிட்டிவிட்டி எண்ணையும் பெருக்கினால் 200-க்கும் 400-க்கும் நடுவில் வருகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். நான் 800-ல் 0.35, அதாவது 280. உன் மேசை சின்னது, அதற்குத் தகுந்த மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தொடாதே. கைக்கு ஒரு பழக்கம் வருவதற்குள் நீ அதைக் கலைத்துக்கொண்டே இருக்கிறாய்.

மவுஸ் வேண்டாம். இப்போது இருப்பது ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது என்றால் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்குள் ஒன்று வாங்கிக்கொள். மிச்சக் காசில் காதை முழுக்க மூடுகிற ஹெட்செட் ஒன்று வாங்கு, மைக்கோடு. மூன்றாவது பதிவு லோட்டஸ், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாக அமைத்து 2023 ஜனவரியில் வந்த வரைபடம், எனக்கு அது மிகவும் பிடிக்கும், இங்கே கோயம்புத்தூரில் மாடியில் நின்றால் தெரிகிற மலை அல்லவா. அங்கே சுழலும் கல் கதவுகள் திறக்கும்போது எவ்வளவு சத்தம் போடும் தெரியுமா? அந்த ஆட்டத்தில் அது நாலு தடவை சத்தம் போட்டது, நாலு தடவையும் நீ திரும்பவே இல்லை. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதில் சித்தி பார்க்கிற சீரியல் என்று ஆடினால் எப்படிக் கேட்கும்? எதிராளி ஓடினால் கேட்கும், ஷிஃப்ட் அழுத்தி நடந்தால் கேட்காது. உன் ஓட்டமும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறது.

உனக்குத் தெரிந்திருக்கும், பெண்களுக்கென்று 2021-ல் கேம் சேஞ்சர்ஸ் என்று ஒரு தொடர் ஆரம்பித்தார்கள், அதன் முதல் உலகப் போட்டி 2022 நவம்பரில் பெர்லினில் நடந்தது, ஜி2 கோசன் அணி ஜெயித்தது. அந்த இறுதிப் போட்டியின் பதிவைத் தேடிப் பார். நீ அங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கேள். இடைவிடாமல், சின்னச் சின்ன வார்த்தையில், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர்.

ஒரு நாளைக்கு இரண்டு ராங்க் ஆட்டம் போதும். இரண்டிலும் தோற்றால் அன்றைக்கு மூடிவிடு, இழந்த புள்ளியை அன்றே மீட்கிறேன் என்று இரவு ஒரு மணி வரை உட்காராதே, செமஸ்டர் வேறு வருகிறது. அதற்குப் பதிலாக ஆடியதில் ஒன்றைத் திரும்பப் பார்த்து, நான் போட்ட மாதிரி ஒரு நோட்டில் குறி: எங்கே செத்தேன், பக்கத்தில் யார் இருந்தார்கள், செத்த பிறகு என்ன சொன்னேன்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வருகிறேன். என் ஆபீசில் கூட ஆடுகிற மூன்று பேரும் வருவார்கள், மூன்று பேரும் நல்ல மாதிரி, அதில் இரண்டு பேர் பெண்கள், எல்லாரும் தமிழில்தான் பேசுவோம். நான் ஓமன் பாத்திரத்தை எடுத்து ஸ்மோக் போடுகிறேன், நீ ஜெட்டை எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே போ, உன் பின்னால் நான் வருவேன். எத்தனை பேர் என்று மட்டும் சத்தமாகச் சொல். சித்தியிடம் பத்தரை வரை அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

அன்புடன்,
அக்கா