முழக்கத்தோடு ஆதாரமும் அச்சாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் திறமூல டேட்டாபேஸ்களைப் பற்றி வந்த கட்டுரை, ஒவ்வொன்றையும் அதனதன் விளம்பர வாசகத்தைக் கொண்டே அறிமுகப்படுத்தியிருந்தது. போஸ்ட்கிரெஸ் உலகிலேயே மிக மேம்பட்டது, மைஎஸ்க்யூஎல் மிகப் பிரபலமானது, எஸ்க்யூலைட் மிக அதிக இடங்களில் இயங்குவது. இந்த வாசகங்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மூலநிரலும் ஆவணங்களும் சோதனைக் கருவிகளும் எவர் கைக்கும் எட்டும் மென்பொருளுக்கு, ஆதாரம் காட்டாமல் முழக்கத்தை மட்டும் அச்சிடுவது அதற்கே செய்யும் அநீதி.

'மேம்பட்டது' என்பதை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லின் 2023 தரநிலையின் மையப் பகுதியில் கட்டாய அம்சங்கள் 177. அவற்றில் குறைந்தது 170ஐ நிறைவேற்றுவதாக போஸ்ட்கிரெஸ் ஆவணம் சொல்கிறது. விடுபட்டவை எவை என்ற பட்டியலையும் அதுவே தருகிறது. இன்னொன்றை இரண்டே நிமிடத்தில் சோதிக்கலாம். ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி (ஒன்றாகவே நிறைவேறவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு அது), டேபிள் ஒன்றை உருவாக்கி, நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, எல்லாவற்றையும் ரத்துசெய்யும் ரோல்பேக் கொடுங்கள். போஸ்ட்கிரெஸில் டேபிள் சுவடின்றி மறைந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளை உருவாக்கும் கட்டளையே அதுவரை நடந்ததைத் தானாகக் கமிட் செய்துவிடும், அதாவது நிரந்தரமாக்கிவிடும். ரோல்பேக்குக்குப் பிறகும் டேபிள் இருக்கும். 8.0 பதிப்பில் வந்த அணுநிலைப் பாதுகாப்பு (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) தனிக் கட்டளைக்கு மட்டுமே உரியது. அதே மைஎஸ்க்யூஎல், 8.0.16க்கு முன்பு 'செக்' நிபந்தனைகளை (டேபிளில் எந்த மதிப்பு சேரலாம் என்ற விதிகளை) பிழையில்லாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது. எனவே பதிப்பு எண் இல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

மேம்பட்டது என்று சொல்பவர் அதன் விலையையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தும்போது பழைய வரியையும் டேபிளுக்குள்ளேயே வைத்திருக்கும். பொதுவாக 'வேக்யூம்' என்ற துப்புரவுப் பணி ஓடினால்தான் அந்த இடம் மறுபயன்பாட்டுக்கு வரும். டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட் என்பதால், பழைய வரிகளை வேக்யூம் உரிய காலத்தில் 'ஃப்ரீஸ்' செய்யாவிட்டால் (எண் எதுவானாலும் பழையவை என்று குறிக்காவிட்டால்), சுமார் 200 கோடி டிரான்சாக்‌ஷன்களை நெருங்கும்போது சர்வர் புதிதாக எழுதுவதையே மறுத்துவிடும். நீண்ட நேரம் திறந்தே கிடக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன் போதும், வேக்யூமின் வேலையைத் தடுத்து வைக்க.

'நம்பகமானது' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று, வெளிப்படையாகத் திருத்தப்பட்ட பிழைகள்தாம். வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு தோற்றால் மறுபடி அழைத்துப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் நம்பியிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோ, தோற்ற பக்கங்களையும் எழுதி முடிந்தவையாகக் குறித்துவிடக்கூடும். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று சொல்லும், தரவு வட்டில் இருக்காது. 2018இல் இது பொதுவெளியில் விவாதிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் 11.2இலும் அப்போது ஆதரவிலிருந்த பழைய பதிப்புகளிலும் திருத்தப்பட்டது. இப்போது எஃப்சிங்க் தோற்றால் சர்வர் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வால் (WAL) பதிவிலிருந்து மீள்கிறது. 2020இல் டேட்டாபேஸ்களின் சரித்தன்மையை ஆராயும் ஜெப்சன் சோதனை, போஸ்ட்கிரெஸ் 12.3 பதிப்பின் சீரியலைசபிள் நிலையில் (எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோன்ற விளைவைத் தரவேண்டிய நிலை) ஒரு முரணைக் கண்டது, 12.4இல் அதுவும் சரியானது. இந்த இரண்டையும் மறைக்காமல் எழுதும் விளம்பரத்தைத்தான் நான் நம்புவேன்.

அதிகம் கெட்டுப்போவது 'வேகம்' என்ற கூற்று. போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜிபெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியில் தரவின் அளவைத் தீர்மானிக்கும் ஸ்கேல் எண் இயல்பாக 1. வங்கியைப் போன்ற அந்தச் சோதனைத் தரவில் கணக்கு டேபிளில் 1 லட்சம் வரிகள் இருக்கும், கிளை டேபிளில் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் ஒரு கிளை வரியைத் திருத்தும் என்பதால், ஒரே நேரத்தில் 50 கிளையண்டுகளை (இணைப்புகளை) விட்டால் ஐம்பதும் அந்த ஒற்றை வரிக்காகக் காத்து நிற்கும். அளக்கப்படுவது லாக்குக்கான காத்திருப்பு, டேட்டாபேஸின் திறன் அல்ல. ஆகவே ஸ்கேல் எண், கிளையண்ட் எண்ணிக்கைக்குக் குறையவே கூடாது. ஸ்கேல் 100 என்றால் 1 கோடி வரிகள், ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. இன்றைய சர்வரில் அது முழுவதும் நினைவகத்துக்குள் அடங்கிவிடும். வட்டிலிருந்து படிக்கும் வேகத்தையும் அளக்க வேண்டுமானால் தரவு ரேமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நினைவகத்தில் மாறிய தரவை வட்டில் எழுதி முடிக்கும் செக்பாயிண்ட்டுக்கு இயல்பான இடைவெளி 5 நிமிடம். ஒரு நிமிடச் சோதனை ஒரு செக்பாயிண்ட்டைக்கூடப் பார்க்காமல் முடிந்துபோகலாம். அரை மணி நேரமாவது ஓடவிட்டால் செக்பாயிண்ட்டும் ஆட்டோவேக்யூமும் இழுக்கும் இழுப்பு தெரியும். பிஜிபெஞ்சை சர்வர் இருக்கும் கணினியிலேயே ஓட்டினால், அது தின்னும் சிபியூவும் கணக்கில் சேரும். தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர் இயல்பாக 128 எம்பிதான். அதை மாற்றினீர்களா என்று வாசகருக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை (வட்டில் எழுதி முடியும்வரை காத்திருப்பதை) அணைத்துவிட்டு, மறுபக்கம் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபியை ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டில் எழுத வைத்தால் அது ஒப்பீடே அல்ல. ஒரே நேரத்தில் நடப்பவை ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று எவ்வளவு பார்க்கலாம் என்ற ஐசொலேஷன் நிலையும் அப்படித்தான்: போஸ்ட்கிரெஸின் இயல்புநிலை ரீட் கமிட்டட், இன்னோடிபியுடையது ரிப்பீட்டபிள் ரீட். வட்டையும் சந்தேகியுங்கள். 7200 ஆர்பிஎம் வட்டு நொடிக்கு 120 முறைதான் சுழல்கிறது. ஒரே கிளையண்ட் அதில் நொடிக்குப் பல ஆயிரம் கமிட் காட்டினால், இடையில் ஏதோ ஒரு கேஷ் (தற்காலிக நினைவகம்) எழுதாததை எழுதியதாகச் சொல்கிறது; மின்சாரம் போனால் தரவும் போகலாம்.

'பிரபலம்' எதை எண்ணிச் சொல்லப்படுகிறது என்பதைக் கட்டுரை கேட்கவேயில்லை. டேட்டாபேஸ்களைத் தரவரிசைப்படுத்தும் டிபி-எஞ்சின்ஸ் பட்டியல் இணையக் குறிப்புகள், தேடல்கள், வேலை விளம்பரங்கள் போன்றவற்றைக் கணக்கிடுகிறது, நிறுவல்களை அல்ல. அதில் மைஎஸ்க்யூஎல் நெடுங்காலமாக போஸ்ட்கிரெஸுக்கு மேலே இருக்க, நிரலாளர்களிடையே நடந்த 2023 ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கருத்துக்கணிப்பில் போஸ்ட்கிரெஸ் அதை முந்தியது. எஸ்க்யூலைட்டின் கூற்று இதைவிட உறுதியானது. ஆண்ட்ராய்டு, ஐபோன், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் அது உள்ளது என்பதை எவரும் சரிபார்க்கலாம்.

'திறமூலம்' என்ற அடைமொழிக்கும் தேதி வேண்டும். மாங்கோடிபி 2018இல் எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கு மாறியது. திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு அதைத் திறமூல உரிமமாக ஏற்கவில்லை. ரெடிஸ் 2024இல் திறமூல உரிமத்தைக் கைவிட்டு, 2025இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. இடையில் அதன் மூலநிரலிலிருந்து பிரிந்து வால்கீ என்ற தனித் திட்டம் பிறந்துவிட்டது.

சில வணிக டேட்டாபேஸ்களின் உரிமம், அனுமதியின்றி வேக ஒப்பீட்டை வெளியிடவே தடை விதிக்கிறது. போஸ்ட்கிரெஸ் உரிமத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. எனவே அடுத்த ஒப்பீட்டில் பதிப்பு எண், மாற்றிய அமைப்புகள், ரேம், வட்டு வகை, ஸ்கேல், கிளையண்ட் எண்ணிக்கை, ஓடிய நேரம் ஆகியவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். சராசரி டிபிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை டிரான்சாக்‌ஷன்) 99ஆம் சதமான தாமதத்தையும் (நூற்றில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன) கொடுங்கள். சோதனை ஸ்கிரிப்டை உங்கள் இணையதளத்தில் வைத்தால், வாசகர்கள் தாங்களே ஓட்டிப் பார்த்து உங்களுக்கு எழுதுவார்கள்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் நிர்வாகப் பணியில் உள்ள ஒரு வாசகர்