பக்திமானுக்கு விழாத ஓட்டு

அட்லாண்டா
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏற முடிகிறதா? இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். கைக்கெட்டும் உயரத்தில் எதையும் வைக்க வழியில்லை.

மதமும் அரசும் வேறு வேறு என்கிற நாட்டில் அதிபர் வேட்பாளர்கள் ஏன் சர்ச் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இன்றைக்குத்தான் மருமகனோடு ப்ளெய்ன்ஸ் போய்வந்தேன். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஊர். அறுநூறு பேர்கூடத் தேறாது, சுற்றிலும் வேர்க்கடலை வயல். தொண்ணூறு வயது தாண்டியும் அங்கே மரநாதா பாப்டிஸ்ட் சர்ச்சில் (பாப்டிஸ்ட் என்பது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் வகுப்பு எடுத்தவர். விடியும் முன்பே வாசலில் வரிசை நிற்குமாம்.

எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவு. சட்டம் கேட்காது, சரி. ஓட்டுப் போடுகிறவர் கேட்பாரே! போப் சொல்கேட்டு ஆளமாட்டேன் என்று 1960-ல் கத்தோலிக்கரான கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் போய் நின்று விளக்கவேண்டி வந்தது.

கார்ட்டர் கதைதான் எனக்கு ஆறவில்லை. தான் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன், அதாவது இயேசுவை ஏற்று மனம் மாறிப் புதுவாழ்வு பெற்றவன் என்று 1976 தேர்தலில் வெளிப்படையாகச் சொன்னவர். நம்ம ஆள் என்று தெற்கே பல பாப்டிஸ்டுகள் ஓட்டுப் போட்டார்கள். நான்கே வருடத்தில் அவர்களில் பலர், கார்ட்டரை எதிர்த்து நின்ற ரீகன் பக்கம் சாய்ந்தார்கள். ரீகன் விவாகரத்தானவர், அதிபரான பிறகு சர்ச்சுக்குப் போனதே அபூர்வம். ஆனால் 1980-ல் டல்லாஸில் போதகர்கள் கூட்டத்தில், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாதென்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றாரே! கார்ட்டர் ஆட்சியில் வரித்துறை, கறுப்பர்களுக்கு இடம் தராத கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிச்சலுகையில் கைவைக்கப் பார்த்தது. கருக்கலைப்பை எதிர்ப்பதிலும் இந்த பாப்டிஸ்டுகள் எதிர்பார்த்த தூரத்துக்கு அவர் வரவில்லை. ஜெபிக்கிறவரைவிட நமக்காகச் சண்டை போடுகிறவர் மேல் என்று முடிவெடுத்துவிட்டார்கள்போல. 2016-ல் வெள்ளை இவாஞ்சலிக்கர்களில் (பைபிளையும் மனமாற்றத்தையும் முதன்மையாகக் கொள்ளும் புராட்டஸ்டன்டுகள்) பத்துக்கு எட்டுப் பேர் ட்ரம்புக்குப் போட்டதும் இதே கணக்கில்தான் என்பேன். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை, திரும்பும் வழியெல்லாம் வாதம்.

அப்புறம், அதிபர் தேர்தலில் நின்ற கமலா ஹாரிசுக்காக அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அர்ச்சனை நடந்த படத்தை 2024-ல் அனுப்பியிருந்தாயே, அவரும் பாப்டிஸ்ட் சர்ச் உறுப்பினர்தான். அந்த அர்ச்சகருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

வழியில் அவித்த கடலை வாங்கினோம். உப்பு ஜாஸ்தி. கால் வலி பற்றி மறக்காமல் எழுது.

உன்,
ராமு