நாகதாளிதான், ஆனால் எங்கட நாகதாளி இல்லை

பலெர்மோ
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இஞ்ச சுகம். நீங்கள், அம்மா, தங்கச்சி, பிள்ளையள் எல்லாரும் சுகமாய் இருக்க வேணும். போன கிழமை ஃபோனில நீங்கள் நாகதாளியைப் பற்றிக் கேட்டது எனக்குக் கேட்டது. நான் சொன்னதுதான் உங்களுக்குக் கேக்கேல்லை. "பயிர் செய்யினமோ? நாகதாளியையோ?" எண்டு மூண்டு தரம் கேட்டியள். பிறகு "வடிவாய்ப் பாத்து எழுதி அனுப்படா" எண்டு சொல்லி வைச்சிட்டியள். அதுதான் எழுதிறன். இண்டைக்கு ஞாயிறு. நான் வேலைக்கு நிண்டு பாக்கிற கிழவரை இண்டைக்கு அவற்ற மகள் பாக்கிறா. பின்னேரம் மட்டும் எனக்கு வேலை இல்லை.

முதல் இதைச் சொல்லிப்போடுறன். இது தலைமன்னார் றோட்டுக் கரையில கிடக்கிற நாகதாளி இல்லை. ஒரே குடும்பம், வேற இனம். எங்கடது ஒப்பன்சியா டில்லெனி, இது ஒப்பன்சியா ஃபைக்கஸ் இன்டிக்கா. எங்கடது இடுப்பளவில படர்ந்து கிடக்கிற பத்தை. மஞ்சள் முள்ளு ஒவ்வொண்டும் தையல் ஊசி மாதிரி, ஆடுகூடக் கிட்டப் போகாது. இஞ்ச இது மரம் அப்பா. கிழவற்ற தோட்டத்தில ரெண்டு ஆள் உயரத்துக்கு நிக்குது. அடியில இருக்கிற பழைய மடலுகள் தடிச்சு உருண்டு பட்டை பிடிச்சுப் போய், நீங்கள் பாத்தால் பூவரசந் தடி எண்டுதான் நினைப்பியள். பெரிய முள்ளு அங்கொண்டு இஞ்சொண்டு, அதுவும் எல்லா மரத்திலயும் இல்லை. மெக்சிக்கோவில சனம் ஆயிரக்கணக்கான வருசமாய் முள்ளுக் குறைஞ்சதாய்ப் பாத்துப் பாத்து நட்டதால வந்த குணமாம்.

கிழவருக்கு அந்த மெக்சிக்கோக் கதை பிடிக்காது. இத்தாலியனில இதுக்குப் பேர் ஃபீக்கோ திந்தியா, இந்தியாவின்ர அத்தி. என்னைக் கொண்டுபோன முதல் நாள் ஒரு பழத்தை உரிச்சுக் கையில தந்து, "இந்தா, உங்கட ஊர்ப் பழம்" எண்டவர். நான் இலங்கை, இந்தியா இல்லை எண்டன். "எல்லாம் ஒண்டுதான்" எண்டார். கொலம்பஸ் தான் இறங்கின இடத்தை இந்தியா எண்டு நினைச்ச பிழைதான் இந்தப் பேரில இன்னும் கிடக்கு எண்டு எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனில சொல்லிப் பாத்தன். மெக்சிக்கோக் கொடியின்ர நடுவில கழுகு நிக்கிறது இந்தச் செடி வகையிலதான் எண்டும் சொன்னன். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இந்தச் சிசிலித் தீவில இது ஒண்டுகூட இல்லை. இப்ப சிசிலிப் படம் போட்ட கோப்பை, தட்டு எதை எடுத்தாலும் இதுதான் கீறிக் கிடக்கு. எங்கட மன்னார்ப் பள்ளிமுனைப் பெருக்க மரம் (பாவோபாப்) மாதிரித்தான், வந்த இடத்தின்ர அடையாளமாய்ப் போட்டுது.

தோட்டம் சாந்தா மார்கரித்தா தி பெலிச்சே எண்ட ஊரில இருக்கு, பலெர்மோவில இருந்து காரில ஒன்றரை மணித்தியாலம். 1968 தை மாசம் வந்த பூமியதிர்ச்சியில அந்த ஊர் உடைஞ்சுபோக, கிழவர் பலெர்மோவுக்கு வந்து குடியேறினவர். நிலத்தை மட்டும் விக்கேல்லை. இப்ப 86 வயசு, நடக்க ஏலாது. ஆனால் சனிக்கிழமை எண்டால் போயே ஆக வேணும். நான் தள்ளுவண்டியில வைச்சுத் தள்ள, அவர் கைத்தடியால அதைச் செய், இதை வெட்டு எண்டு காட்டுவார். சம்பளம் அவரைப் பாக்கிறதுக்கு. தோட்ட வேலை சும்மா. நான் ஒண்டும் சொல்லிறதில்லை, எனக்கும் மாடிவீட்டுக்குள்ள கிடந்து அலுத்துப் போச்சு.

நீங்கள் கேட்ட அளவுகள்: ஒரு வருச மடல் ஒண்டை நாடா வைச்சு அளந்தன். நீளம் 38 சென்ரிமீற்றர், அகலம் 20, தடிப்பு 2. நீங்கள் கரும்பலகையில எழுதின "இலைத்தொழில் தண்டு" எண்ட சொல்லு எனக்கு மறக்கேல்லை. பரீட்சையில அதை இலை எண்டு எழுதி உங்களிட்டையே புள்ளி இழந்தனான். உண்மையான இலையை இந்த வருசம் சித்திரையிலதான் முதல் முதல் கண்டன். புது மடல் உள்ளங்கை அளவில இருக்கேக்க, ஒவ்வொரு கண்ணிலயும் அரிசியிலும் சின்னதாய்ப் பச்சைக் கூம்பு ஒண்டு நிக்கும். அதுதான் இலை. ஒரு மாசத்துக்குள்ள வாடிக் கொட்டிப் போகும். மிச்ச வருசம் முழுக்க தண்டுதான் இலையின்ர வேலை பாக்குது. கண்ணெண்டு நான் சொல்லிறது மடலில சாய்வு வரிசையாய் இருக்கிற புள்ளியளை. முள்ளு, சுணை, பூ, புது மடல், வேர் எல்லாம் அந்தக் கண்ணிலயிருந்துதான் வெளிக்கிடும். மடலை வெட்டி, வெட்டுவாய் காயுமட்டும் ரெண்டு கிழமை நிழலில போட்டிட்டு, பாதியைத் தாட்டு நட்டால் காணும். கிளுவை நடுறதிலும் சுகம். வேர் ஆழமாய்ப் போறதில்லை, மேல் மண்ணுக்குள்ளயே அகலமாய்ப் பரவி, தூறின சொட்டையும் உறிஞ்சிப்போடும். எற்னா எரிமலைப் பக்கம் குழம்பு ஆறி இறுகின கல்லு வெடிப்புகளுக்குள்ள இதை நட்டுத்தான் கல்லை உடைச்சு மண்ணாக்கினவையாம்.

சுணையைப் பற்றித் தனியாய் எழுத வேணும். பெரிய முள்ளுக் குறைஞ்சது எண்டு நான் ஏமாந்த கதை அது. போன வருசம் ஐப்பசியில முதல் தரம் பழம் ஆய வெளிக்கிட்டன். கிழவர் விடியப் பனி காயமுதல் ஆய வேணும் எண்டவர். நான் தேத்தண்ணி குடிச்சு ஆறுதலாய் ஒன்பது மணிக்குத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு போனன். பழத்தின்ர ஒவ்வொரு கண்ணிலயும் மண்ணிறச் சுணை நூறு நூறாய் நிக்குது. பார்வைக்குப் பட்டுத்துணி மாதிரி. தொடக்கூடத் தேவையில்லை, காத்தடிச்சால் பறக்கும். ஒவ்வொண்டிலயும் பின்பக்கம் பாத்த கொழுக்கி இருக்கிறதால உள்ள போனது வெளிய வராது. கழுத்து, கண்ணிமை, காதுமடல், ஒண்டும் மிச்சமில்லை. இரவு மனுசி விளக்கைக் கிட்டப் பிடிச்சு, சாவணத்தால ஒரு மணித்தியாலம் இழுத்தாள். நான் செய்த பெரிய மடைவேலை, அந்தச் சேட்டை வீட்டு உடுப்புகளோட சேத்து மெசினுக்குள்ள போட்டது. ஒரு கிழமை வீட்டில எல்லாரும் சொறிஞ்சுகொண்டு திரிஞ்சம். சின்னவன் பள்ளிக்கூடத்தில இருந்து அழுதுகொண்டு வந்தவன். இப்ப நானும் இருட்டோட எழும்பிப் போறன். பனியில நனைஞ்சால் சுணை ஒட்டிக்கொண்டு கிடக்கும். நீட்டுத் தடி நுனியில தகரப் பேணி பூட்டின ஒரு சாமான் இருக்கு. பழத்தை அதுக்குள்ள விட்டு ஒரு திருகு.

இந்த வருசம் சிசிலியில சரியான வறட்சி. பெர்குசா எண்ட குளம் அடி தெரிய வத்திப் போச்சு. அக்ரிஜெந்தோப் பக்கம் தண்ணியை முறை வைச்சு விட்டவை. திராட்சை கருகிச்சுது. நாகதாளி மடல் மெலிஞ்சு சுருங்கிச்சுது, அவ்வளவுதான். அந்தப் பாடம் எனக்கு இப்பத்தான் விளங்கிச்சுது. இலைவாய் எண்ட மூச்சுத் துளையளைப் பகலில மூடி, இரவில திறந்து, காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாய் மாத்திச் சேமிச்சு வைக்குது எண்டு நீங்கள் சொல்லேக்க நான் யன்னலால வெளிய பாத்துக்கொண்டு இருந்தனான். கிழவர் ஒரு நாள் விடிய இளம் மடல் ஒண்டைச் சீவி வாயில வைக்கச் சொன்னார். புளி! புளியங்காய் கடிச்ச மாதிரிப் பல்லுக் கூசிச்சுது. பின்னேரம் அதே மரத்தில இன்னொரு துண்டு தந்தார். வெண்டிக்காய் வழுவழுப்பு மட்டும்தான், புளி இல்லை. இரவு சேத்த அமிலத்தைப் பகல் வெய்யிலில செலவழிச்சிட்டுது. கிழவருக்கு மலிக்கமிலம் எண்டால் என்னெண்டு தெரியாது. "இரவில மூச்சு விடும்" எண்டு மட்டும் சொன்னார்.

பூவைச் சொல்லாமல் விட்டால் ஏசுவியள். வைகாசியில மடலின்ர மேல் விளிம்பில வரிசையாய் வரும். மஞ்சள் பூ, வாடேக்க செம்மஞ்சளாகும். சூலகம் கீழ. அதையும் சும்மா சொல்லக்கூடாது, அதைச் சுத்தி இருக்கிறது தண்டு. அதாலதான் பழத்தோலிலயும் மடலில இருக்கிற மாதிரியே கண்ணும் சுணையும். காயை அப்படியே மண்ணில வைச்சாலும் வேர்விட்டு முளைக்கப் பாக்கும். நடுவில தம்பம், பச்சைக் குறி, சுத்திவரப் பூந்தூள் தாங்கிற கேசரம் எண்ண ஏலாத அளவு. ஒரு புல்லுத் தண்டை எடுத்துக் கேசரத்தைத் தடவினன். எல்லாம் மெதுவாய் உள்பக்கம் சரிஞ்சு தம்பத்தோட ஒட்டிக்கொண்டுது. தொட்டாச்சுருங்கி மாதிரித்தான், ஆனால் பூவுக்குள்ள. தேனீ உள்ள இறங்கினால் பூந்தூளில உருண்டுதான் வெளிய வரும். நான் அண்டைக்கு இருபது பூவையாவது தடவியிருப்பன். கிழவர் வண்டியில இருந்துகொண்டு "வேலையைப் பார்" எண்டு கத்தினவர்.

அவர் சொன்ன வேலை என்ன தெரியுமோ? பூத்த பூவை எல்லாம் தட்டிக் கொட்டுறது! முதலில எனக்கு மனம் வரேல்லை. வைகாசிக் கடைசியில இருந்து ஆனி நடுமட்டும் பூவையும் பிஞ்சையும் கையால முறிச்சு விழுத்துவினம். இதுக்கு ஸ்கொட்சொலத்தூரா எண்டு பேர். மரம் விடாது, திருப்பிப் பூக்கும். அந்த ரெண்டாம் பூ ஐப்பசி, கார்த்திகையில மழையோட பழுக்கும். ஆவணியில பழுக்கிற முதல் பழத்திலும் இது பெரிசு, சதை கூட, விதை கொஞ்சம் குறைய. இந்தப் பழத்துக்கு இவை வைச்ச பேர் பஸ்தர்தோனி, முறைகெட்டுப் பிறந்ததுகள் எண்டு கருத்து. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேக்க இந்த இடத்தை விட்டிட்டு வாசியுங்கோ. இதைக் கண்டுபிடிச்ச கதையும் பம்பல்தான். ரெண்டு தோட்டக்காரருக்கு வேலிச் சண்டையாம். ஒருத்தன் இரவோட இரவாய் மற்றவன்ர பூவை எல்லாம் அடிச்சுக் கொட்டிப்போட்டான். நாசமாய்ப் போனவனுக்கு மாரியில, ஊரில ஒருத்தரும் காணாத பழம் காய்ச்சுதாம். மெய்யோ பொய்யோ, வேலிச் சண்டை எண்டதால எனக்கு உடன நம்ப வந்திட்டுது.

பழம் மூண்டு நிறம். மஞ்சளுக்கு சுல்ஃபரீனா, சிவப்புக்கு சங்குவீஞ்ஞா, வெள்ளைக்கு முஸ்கரெத்தா எண்டு பேர். மஞ்சள்தான் கூடப் பயிர். சிவப்பு, பீற்றூட்டின்ர அதே வகைச் சாயம். ஆறு பழம் திண்டு அடுத்த நாள் கக்கூசில பயந்து போனன், வருத்தம் ஒண்டும் இல்லை, அதின்ர சாயம்தான். ஒரு பழத்தின்ர விதையைக் கழுவி எண்ணினன், 243. கல்லு மாதிரி, சப்ப ஏலாது, முழுங்கத்தான் வேணும். கனக்கத் திண்டால் விதை அடைச்சு வயித்தால போகாது, கவனம் எண்டு முதல் நாளே எச்சரிச்சவை. எங்கட பழத்தை மண்ணில உரஞ்சி, ஆச்சி சொன்ன நட்சத்திர முள்ளைத் தேடி எடுத்துப்போட்டுத் திண்டு, நாக்கு ஊதாவாய் வந்து உங்களிட்டை அடி வாங்கினதுக்கு இது எவ்வளவோ மேல். பலெர்மோவில கோடை இரவில றோட்டோரம் ஐசில வைச்சு விப்பினம். முள்ளுக்கரண்டியால குத்திப் பிடிச்சு, ரெண்டு முனையும் வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டால் தோல் பாய் விரிக்கிற மாதிரிக் கழண்டு வரும். கை படாது. எற்னாப் பக்கத்துப் பழத்துக்கும் சான் கோனோப் பழத்துக்கும், எங்கட கறுவாவுக்கு 2022 இல கிடைச்ச மாதிரி, ஐரோப்பாவில பேர்ப் பாதுகாப்பு இருக்கு. கிழவர் அதைக் கணக்கெடுக்க மாட்டார். சாந்தா மார்கரித்தாப் பழம்தான் பழமாம்.

ஒரு சாமானைப் பாத்துத்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மொஸ்தார்தா. பழச்சாறை வடிச்சு, மா கலந்து காய்ச்சி, மண் அச்சில ஊத்தி வெய்யிலில காயவைச்சு மாரிக்கு எடுத்து வைப்பினம். வாயில வைச்சன், எங்கட பனம்பழப் பனாட்டு! மணம் வேற, அந்த இழுவை அதேதான். மார்கழியில ஊருக்கு வாற பெடியன் ஒருத்தனிட்டை அம்மாவுக்குக் கொஞ்சம் குடுத்து விடுறன்.

மடல் ஒண்டு அனுப்பச் சொல்லிக் கேட்டியள். அது மட்டும் ஏலாது அப்பா. எயாப்போட்டில பிடிபடும், அதைவிட அனுப்புறதும் பிழை. எங்கட நாகதாளி பெருகிப் போய், அதைத் தின்ன வெள்ளைப் பஞ்சுப் பூச்சியை விட்டுத்தானே அடக்கினது. 1926 இல அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கையில இருந்துதான் கொண்டு போனவையாம். நசுக்கினால் ரத்தச் சிவப்பு எண்டு நீங்கள் சொல்லியிருக்கிறியள். அதே பூச்சி 2014 இல மொறோக்கோவுக்குள்ள வந்து அங்கத்தை நாகதாளி வேலியளில கனக்கத்தை அழிச்சிட்டுது. கிழவருக்கு அதுதான் பயம். ஒவ்வொரு சனியும் மடலுகளைப் பிரட்டிப் பிரட்டி வெள்ளை ஏதும் தெரியுதோ எண்டு பாக்கச் சொல்லுவார்.

புரட்டாசியில பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினனாங்கள். சாந்தா ரொசாலியா கோவிலுக்கு எங்கட சனம் மடு மாதா கோவிலுக்குப் போற மாதிரி வெறுங்காலோட போகும், சைவ ஆக்களும்தான். வழி நெடுக ரெண்டு பக்கமும் நாகதாளி. அம்மாவின்ர முழங்காலுக்கு நேர்ந்து மெழுகுதிரி கொளுத்தினன். காசு இந்த மாசம் பத்தாம் திகதிக்குப் பிறகுதான் போடுவன், குறை நினைக்க வேண்டாம்.

இதோட ஒரு கடதாசி மடிச்சு வைச்சிருக்கிறன். அந்த 38 சென்ரிமீற்றர் மடலைப் பேப்பரில வைச்சுச் சுத்திக் கீறினது. கண்ணெல்லாம் அது அது இருந்த இடத்தில புள்ளி போட்டிருக்கு. பக்கத்தில பூவின்ர நெடுக்குவெட்டு முகம். பென்சிலாலதான் கீறினன். பாகங்களுக்குப் பேர் எழுதேல்லை, கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறன். நீங்கள் எழுதித் திருப்பி அனுப்புங்கோ.

இப்படிக்கு
உங்கட மகன்