நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கணுக்கால் வலியோடு போன வாரமும் கூடைப்பந்து ஆட்டத்தில் இறங்கினாயாம். உன் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. உன் மேல் கோபமில்லை. பள்ளி மைதானத்திலேயே காலம் கழித்தவள் நான். வலியை மறைத்து ஓடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ இருக்கும் ஊரிலேயே பிறந்த ஒரு கூடைப்பந்து வீரரைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரிக் ஸ்மிட்ஸ், 1966-இல் ஐந்தோவனில் பிறந்தவர். உயரம் ஏழடி நான்கு அங்குலம். நியூயார்க் மாநிலத்தில் மாரிஸ்ட் கல்லூரிக்கு ஆடியவரை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 1988 தேர்வில், இரண்டாவது ஆளாக இந்தியானா பேசர்ஸ் அணி எடுத்தது. அந்த அணியில் கூடைக்கு அருகே ஆடும் மூத்த சென்டர் ஸ்டீவ் ஸ்டிபனோவிச்சின் முழங்கால் கெட்டுப்போனதால், புதிதாக வந்த இவர் தலையில் பொறுப்பு விழுந்தது. அந்த ஒரே பருவத்தில் அணிக்கு நான்கு பயிற்சியாளர்கள்! வேறு யாராக இருந்தாலும் மனம் விட்டிருப்பார்கள். இவர் அதே அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடினார்.

1995 மே மாதம் ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தை நீ தேடிப் பார்க்க வேண்டும். கடைசிப் பதின்மூன்று நொடிகளில் முன்னிலை நான்கு முறை கைமாறியது. மேஜிக்கின் ஹார்டவே போட்ட மூன்று புள்ளிக்குப் பிறகு மிஞ்சியது 1.3 நொடி. பேசர்ஸின் மெக்கீ பந்தை உள்ளே வீசுகிறார். கூடைக்கு முதுகு காட்டி நின்று வாங்கிய ஸ்மிட்ஸ், எறிவதுபோல் ஒரு போக்குக் காட்டுகிறார். அவரைத் தடுக்க நின்ற மேஜிக்கின் ட்ரீ ராலின்ஸ் துள்ளி எழுந்துவிடுகிறார். அவர் காற்றில் இருக்கும்போதே இவர் நிதானமாக எறிகிறார். 94-93 என்று பேசர்ஸ் வென்றது. அந்த அவசரத்தில் ஒரு போக்குக் காட்டத் தோன்றியதே, அதைத்தான் நான் வியக்கிறேன். உயரம் மட்டும் இருந்தால் அது வராது.

இத்தனையும் நரம்பு பாதிக்கப்பட்ட பாதங்களோடு. வளரும் வயதில் காலுக்குச் சிறிதான காலணிகளைப் போட்டதே காரணம் என்பார்கள். 1996-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தப் பருவத்தில் முப்பது ஆட்டங்கள் போயின. போகட்டும் என்று இருந்தார். 1998-இல், லாரி பேர்ட் பயிற்சியில், சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2000-இல் அணி முதல்முறையாக என்.பி.ஏ. இறுதிச் சுற்றுக்கு வந்து லேக்கர்ஸ் அணியிடம் தோற்றதும், ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். இன்னும் ஓரிரு பருவம் ஒப்பேற்றியிருக்கலாம். கால் சொன்னதைக் கேட்டார். பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களில் மோட்டோகிராஸ் பந்தயம் ஓட்டப் போய்விட்டார்! அதைப் படித்தபோது எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

நீ விளையாட்டை விட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அறுபது வயதிலும் நீ பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால் இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கு. அவர் சரி என்று சொல்லும்வரை களத்தில் இறங்காதே. பயிற்சியாளரிடம் நீயே சொல்லிவிடு. புது ஷூ வாங்க மாலையில் போ, பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடும் சாக்ஸோடு, இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்றதாக வாங்கு. விலையைப் பார்க்காதே, பணம் நான் அனுப்புகிறேன். மருத்துவர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது.

அன்புடன்,
அம்மா