கயலுக்கு

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சங்கரன்கோவில் விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். இட்லிப்பொடியும் கடலைமிட்டாயும் பார்சல் போட்டிருக்கிறேன். பொடியில் பூண்டு கூடுதலாகவே போட்டேன். சாப்பிடு.

பொங்கலுக்கு வந்தபோது அரை இட்லியோடு எழுந்துவிட்டாய். களைப்பு என்றாய். மஞ்சள் சுடிதார் தோளில் நிற்காமல் சரிந்ததையும் பார்த்தேன். கேட்டால் அடுத்த தடவை வரமாட்டாயோ என்று பயந்து ஒன்றும் கேட்கவில்லை.

நீ போனபிறகு என் போனில் எடை குறைக்கிற வீடியோ ஒன்றைக் கடைசிவரை பார்த்தேன். லைக் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு வந்தது. மூன்றாம் நாள் கோலம், சமையல் ஒன்றையும் காணோம். எல்லாம் இடுப்பும் வயிறும், வெந்நீரைக் குடித்தே நாளை ஓட்டுகிற பெண்களும்தான். விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது என்று கணக்கு வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பரிமாறுகிறது. பிடித்துப் பார்க்கிறோமா, பயந்து பார்க்கிறோமா என்று அதற்குக் கவலையில்லை. 54 வயசில், பீரோ கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை எக்கிப் பார்த்தேன் கயல். மூன்றே நாளில். நீ எட்டு வருஷமாக அதைக் கையில் வைத்திருக்கிறாய்.

2021இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்பவர் தான் வேலை பார்த்த ஃபேஸ்புக் கம்பெனியின் உள் காகிதங்களை வெளியே கொண்டுவந்தார். இன்ஸ்டாகிராமும் அந்தக் கம்பெனியுடையதுதான். உடம்பை நினைத்து மனசு நொந்திருக்கும்போது இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று டீன்ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருத்தி சொன்னதாக அவர்கள் ஆய்விலேயே இருந்தது. தெரிந்தேதான் நடத்தியிருக்கிறார்கள்.

உன்னைச் சொல்லவில்லை. நீ கணக்கில் சென்டம் எடுத்தவள், முதல் சம்பளத்தில் ஆச்சிக்குக் கண்ணாடி வாங்கித் தந்தவள். ஆனால் கெட்டிக்காரிக்கும் பசிக்கும்தானே? காலையில் வெறும் காபியோடு ஆபீஸ் போகிறாய் என்று நினைத்தால் கோபமாக வருகிறது. ராத்திரியாவது ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பாவுக்கு வருவது வேறு. யாரோ யாரையோ திட்டுகிற வீடியோ. ஒன்றில் கோபப்பட்டு கமெண்ட் போட்டார், இப்போது பூராவும் அதுதான். எதை அதிகம் பேருக்குக் காட்டுவது என்ற கணக்கில், ஃபேஸ்புக்கில் ஒரு கோபமுக எமோஜிக்கு ஐந்து லைக் மதிப்பு வைத்திருந்த காலம் ஒன்று உண்டாம். முப்பது வருஷமாகச் சேர்ந்து டீ குடித்த டெய்லர் அண்ணனிடம் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒன்று எழுதவேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நீ காலேஜ் இரண்டாம் வருஷம் லீவுக்கு வந்திருந்தாய். ராத்திரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, "அம்மா, ஒன்று சொல்லணும்" என்றாய். நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். "இரும்மா, இது முடியட்டும்" என்றேன். முடியவில்லை. ஒன்று போனதும் அடுத்தது வந்தது. முடிகிற மாதிரி அதைச் செய்யவே இல்லை. நான் நிமிர்ந்தபோது நீ இல்லை, உன் அறையில் விளக்கு அணைந்திருந்தது. காலையில் கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். சரி என்று விட்டேன்.

அதே வாரம் மதினி மகள் கல்யாண போட்டோவைக் காட்டி, "எப்படி இளைத்து அழகாகிவிட்டாள் பார்" என்று உன்னிடம் சொன்னது எந்தக் கம்பெனிக்காரனும் இல்லை. நான்தான். நீ போட்டோவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விடிகாலை கிளாம்பாக்கத்தில் இறங்குவேன். நீ வரவேண்டாம், உன் ரூமுக்கு நானே வந்துவிடுவேன். பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம். ஆனால் அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று ஒருதடவை கேட்பேன்.

நல்லெண்ணெய் தீர்ந்திருந்தால் சொல், கொண்டுவருகிறேன்.

அம்மா