பேரனுக்கு என்ன புத்தகம் கொடுப்பது?

திருகோணமலை,
வைகாசி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வட்சப்பில் குரல் அனுப்பாமல் பழையபடி பேனை பிடித்து இரண்டு தாள் எழுதியிருக்கிறாய், அதற்கே உனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தரவேண்டும். முழங்கால் நோ குறைந்தது சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை. கடல் அமைதி, அதனால் நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் கூட்டம். கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்கு அலைகின்றன. வேறு புதுச் சேதி இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேரன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை போனும் கையுமாகக் கிடக்கிறான். பேத்திக்குப் பதினான்கு வயசு, ஆங்கிலத்தில் எதையோ வாசிக்கிறாள், தமிழ்ப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறாள். ‘நீ வாத்தியாராக இருந்தவன், ஒரு பட்டியல் எழுதி அனுப்பு’ என்கிறாய். பட்டியலாக எழுதினால் அதுவும் இன்னொரு பாடத்திட்டம் என்று நினைத்து இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள். தெரிந்ததைக் கதையாகவே எழுதுகிறேன், நீ பொறுக்கிக்கொள்.

பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் சிலர் என் அலுமாரியைக் கிளற வருவார்கள். அவர்களைப் பார்த்து எனக்குப் பட்டது இதுதான்: ‘இளையோருக்காக’ என்று அட்டையில் போட்ட புத்தகத்தைப் பதினைந்து வயசுக்காரன் எடுக்கவே மாட்டான். தன்னைச் சின்னப்பிள்ளை ஆக்குகிறார்கள் என்று அவனுக்கு மணந்துவிடும். பெரியவர்கள் வாசிக்கிற கதையாக இருக்கவேண்டும், அதற்குள் தன் வயசுக்காரர் ஒருவர் நடமாடவேண்டும், அந்த ஆளுக்குப் பெரியவர்கள் காப்பாற்ற முடியாத ஒரு சிக்கல் வரவேண்டும். அப்படிப்பட்ட புத்தகம் போனால் திரும்பி வரக் காலம் எடுக்கும். கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

பேரனுக்கு முதலில் ‘மடோல் தீவு’. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் சிங்களத்தில் எழுதியது, தமிழிலும் வந்திருக்கிறது. உபாலி என்கிற பெடியன், தாயில்லாதவன், சிற்றன்னையோடு ஒத்துப்போகவில்லை, ஊர் முழுக்கக் குழப்படி. வீட்டு வேலைக்கு இருக்கிற ஜின்னாவையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிறான். இரண்டு பேரும் அங்கே இங்கே கூலிக்கு நின்றுவிட்டு, கடைசியில் ஆளில்லாத ஒரு தீவில் காடு வெட்டித் தோட்டம் போடுகிறார்கள். அந்தத் தீவில் பேய் இருக்கிறது என்று ஊரெல்லாம் கதை, இரவில் வெளிச்சம் வேறு தெரிகிறது. சாகசக் கதை மாதிரித் தொடங்குகிறது. போகப்போகத்தான் தெரியும், இது ஒரு பெடியன் பொறுப்பு எடுக்கப் பழகுகிற கதை என்று. ஆனால் அதை எந்த இடத்திலும் விக்கிரமசிங்க வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுதான் அவருடைய கெட்டித்தனம். 1976 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக எடுத்தார். படம் பிறகு பார்க்கலாம், முதலில் புத்தகம். இன்னொன்றும் உண்டு. தெற்கில் சிங்களப் பிள்ளைகள் எந்தக் கதையை வாசித்து வளர்கிறார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. நூறு நல்லிணக்கக் கூட்டத்தில் கிடைக்காத அறிமுகம் அந்தப் புத்தகத்தில் கிடைக்கும்.

அடுத்த முறை பேரனை இங்கே பஸ்ஸில் கூட்டி வரும்போது மூதூர் தாண்டும் நேரம் றொபேர்ட் நொக்ஸ் என்கிற ஆங்கிலேயனின் கதையைச் சொல். 1660 இல், எங்கள் கொட்டியாரக் குடாவில், பாய்மரம் உடைந்து ஒதுங்கிய கப்பலின் தலைவரும் மகனும் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மகன் நொக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயசுதான், உன் பேரனைவிட மூன்று வயசு கூட. அடுத்த வருஷமே தகப்பன் காய்ச்சலில் போய்விட, மகன்தான் புதைத்தான். பிறகு தொப்பி பின்னி விற்று, நெல்லுக் கடன் கொடுத்து வாங்கி, பத்தொன்பது வருஷம் மலைநாட்டில் சிறைவாசம். 1679 இல்தான் தப்பினான். 1681 இல் லண்டனில் அந்தக் கதையைப் புத்தகமாகப் போட்டான். ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீபோ அந்தப் புத்தகத்தை அறிந்தவர், குரூசோவுக்கு அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்திருப்பார் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. குரூசோவின் தீவுக்கும் எங்கள் கிண்ணியாப் பாதைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பதைக் கேட்டால் எந்தப் பெடியனும் காது கொடுப்பான். (பாதை என்றால் ஆட்களை அக்கரை சேர்த்த மிதவை. அதை இப்போது யாருக்குத் தெரியும்? 2009 இல் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள்.) கதையைச் சொல்லிவிட்டு குரூசோவைக் கையில் கொடு. சுருக்கப் பதிப்பு என்றாலும் பரவாயில்லை.

‘பொன்னியின் செல்வன்’ பற்றி நீயே எழுதியிருக்கிறாய். ஐந்து பாகத்தையும் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாயாம், அட்டைகூடப் பிரியவில்லையாம். மச்சான், ஐந்து பாகத்தை ஒன்றாகப் பார்த்தால் பெரியவர்களுக்கே பயம் வரும். மற்ற நான்கையும் உன் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டு முதல் பாகமான ‘புதுவெள்ளம்’ மட்டும் வெளியே வை. 1950 இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர் அது. வாசகன் அடுத்த கிழமையும் கடைக்கு வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஆபத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார் கல்கி. உன் பேரன் இரவிரவாகப் பார்க்கிற தொடர்களும் அதைத்தான் செய்கின்றன. இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கு வரும். பூங்குழலி இருட்டில் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு வருகிற அத்தியாயங்களை உன் பேத்தி வாசிக்கவேண்டும். அரண்மனை வேண்டாம், கடல் போதும் என்று திரிகிற பெண். படத்தில் பார்த்ததைவிடப் புத்தகத்தில் அவள் பொல்லாதவள். சாண்டில்யனின் சரித்திர நாவல்கள் பக்கம் நான் தள்ளமாட்டேன். கடற்சண்டை அருமை, ஆனால் பெண்களை வர்ணிக்கிற பக்கங்களைப் பார்த்துவிட்டு உன் பேத்தி எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரிப் பார்ப்பாள்.

வீரகேசரிப் பத்திரிகைக்காரர் போட்ட பிரசுர நாவல்கள் ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு திரிந்தோமே. அவற்றில் இரண்டு இன்றைக்கும் எடுபடுகின்றன. ஒன்று பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, 1973 இல் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிமுறிப்பில், காட்டுக்குள் வளர்ந்த பதஞ்சலி என்கிற பெண்ணின் கதை. வேட்டை, மழை, புயல், அந்தக் கிராமத்துக்கு வந்து சேரும் ஒரு வாத்தியார். ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் உலகம் கண்ட பிள்ளைகளுக்குப் பதஞ்சலி ஒரு அதிசயப் பிறவி. ஒரு பெட்டை வாசித்துவிட்டு வந்து, ‘சேர், இவளுக்கு ஏன் இப்படிச் செய்தார்கள்?’ என்று என்னோடு சண்டை பிடித்தாள். அதுதான் வாசிப்பு. மற்றது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. நெடுந்தீவுக் கரையில் வாடி என்கிற கொட்டில் போட்டு மீன் பிடிக்கிறவர்களின் காதலும் பகையும். 1978 இல் ஈழத்திலேயே படமாகவும் வந்தது. நீ தூக்கக்கலக்கத்தில் பார்த்தாய். சிரிக்கவேண்டும் என்றால் அதே ஆளின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. ஆச்சி யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படுகிறாள், வழி முழுக்க அமளி. வாசிக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

எங்கள் ஊர்ப் பெருமைக்காக நீ கேட்கக்கூடும், ‘மோகனாங்கியை ஏன் சொல்லவில்லை?’ என்று. 1895 இல் எங்கள் திருகோணமலையின் சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் வெளியிட்டது. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்கிறார்கள். உண்மைதான், பெருமைதான். ஆனால் அந்த நடையைப் பதினான்கு வயசுப் பிள்ளையின் தலையில் கட்டுவது பாவம். உயர்தரத்தில் தமிழ் எடுத்தால் அப்போது பார்க்கலாம். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ நாவல் அல்ல, சிறுகதை. ஆனாலும் தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற அந்தப் பெடியனைப் பேரனுக்கு அறிமுகம் செய்து வை. ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

போனை விடாத பிள்ளைக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் எழுதிய கதை, நடப்பது 2021 இல். அரசாங்கம்தான் பெயர் வைக்கும், இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. யார் எவ்வளவு காலம் வாழலாம் என்பதற்கும் சட்டம். காணாமல் போன புருஷனைத் தேடும் நிலா, மனிதரைவிடத் துணிச்சலாக யோசிக்கிற ஜீனோ என்கிற இயந்திர நாய். அந்த வருஷம் இப்போது கடந்துபோய்விட்டதால் வாசிப்பதில் புது ருசி ஒன்று சேர்ந்திருக்கிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பெடியள் சரி பிழை போட்டு வாசிக்கிறார்கள். பிடித்தால் ‘மீண்டும் ஜீனோ’ இருக்கிறது.

இனி, நான் யோசித்துத்தான் கொடுக்கிற புத்தகம் ஒன்று. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத்தில் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த சந்திரசேகரன். வீட்டில் மாடு, வெளியே சிநேகிதர், சைக்கிள். மெல்ல மெல்ல 1948 நெருங்குகிறது. ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமின் ஆட்கள் ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம், நேற்றுவரை கூட விளையாடியவன் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கிரிக்கெட்டுக்காக வாசிக்கத் தொடங்குகிற பெடியன் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று உணரும்போது புத்தகம் முடியப்போகிறது. கடைசிப் பக்கங்கள் கனம், அதனால் பேத்திக்கு இப்போது வேண்டாம். பேரனுக்குக் கொடு, ஆனால் நீயும் வாசித்துவிட்டுக் கொடு. முடித்த அன்றைக்கு அவனுக்குக் கதைக்க ஆள் வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பயந்து நடந்த காலத்தைப் பிள்ளைகள் எங்களிடம் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. இந்தப் புத்தகத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு பெடியன் கேட்டான். பின்னேரம் தொடங்கிய கதை இரவுச் சாப்பாடுவரை போனது.

பேத்திக்கு ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. அந்தக் காலச் சோவியத் புத்தகம், மெல்லியது. கிர்கீசியக் கிராமத்தில் தாய் தகப்பன் இல்லாத அல்தினாய், படிப்பு அவ்வளவாக இல்லாத ஆனால் பள்ளிக்கூடம் நடத்தியே தீருவேன் என்று நிற்கிற தூய்ஷன். அவளை ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிற இடத்தில் எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடாது. ஆங்கிலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’ இருக்கிறது. 1980 இன் கொழும்பு, பதினான்கு வயசு அம்ரித், பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் நாடகப் போட்டி, கனடாவிலிருந்து வரும் மச்சான் முறைப் பெடியன். அம்ரித்துக்கு அவன்மேல் வருகிற ஈர்ப்புத்தான் கதை. உன் மருமகன் புருவத்தை உயர்த்துவார். உயர்த்தட்டும். அந்த வயசில் தனக்குள் என்ன நடக்கிறது என்று விளங்காமல் தவிக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளிலும் இருந்தார்கள், நாங்கள் கண்டும் காணாத மாதிரி இருந்தோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாசித்து முடித்ததும் ‘இதிலிருந்து என்ன படித்தாய்?’ என்று கேட்டுவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியும். பாதியில் விட்டால் விடட்டும், அடுத்ததை மேசையில் வை. முத்து காமிக்ஸ் கேட்டாலும் தடுக்காதே, இரும்புக்கை மாயாவியை வாசித்துத்தானே நாங்களும் எழுத்துக்கூட்டினோம்.

பழைய ஈழத்துப் புத்தகங்கள் கடையில் கிடைப்பது கஷ்டம். ‘நூலகம்’ என்கிற இணையத்தளத்தில் நிறைய இருக்கிறது, இலவசம். போனை விடாத பேரனையே தேடி எடுக்கச் சொல்லு, அதுவும் ஒரு தூண்டில்தான். ‘நிலக்கிளி’, ‘மடோல் தீவு’, சுஜாதா மூன்றும் என்னிடம் உண்டு. வருகிற கிழமை என் மருமகள் மட்டக்களப்புக்கு ஒரு கலியாண வீட்டுக்கு வருகிறாள், கொடுத்துவிடுகிறேன். ‘நிலக்கிளி’ அட்டை கழன்ற பழைய பிரதி, தயவுசெய்து திருப்பி அனுப்பு. உன்னிடம் போன என் புத்தகங்கள் எத்தனை அங்கேயே குடியிருக்கின்றன என்று இருவருக்கும் தெரியும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லு. கருவாடு ஏதும் வேண்டுமென்றால் மருமகள் வெளிக்கிட முன்னம் சொல்லச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்