நான் வாங்காத வாட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் 41 வருஷமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். என் கையில் இருப்பது கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்.எம்.டி. ஜனதா. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். இந்தக் கைக்கு, போன வருஷம் சிங்கப்பூரில் 1,56,000 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கியதாக என் கிரெடிட் கார்டு பில்லில் வந்தது. பணம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. திரும்பாத பத்தாயிரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பில் மின்னஞ்சலில் வரும். பேரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும் போட்டால்தான் திறக்கும். எனக்கு அது சரிப்படாது. பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் சொல்லி அச்செடுத்துக்கொள்வேன். (இதற்காகப் பேத்தி என்னோடு போட்ட சண்டை தனிக்கதை.) அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் எடுத்துவந்தேன். எழுத்து பொடிப் பொடியாக இருந்ததால், வேலைக்கு மாட்டும் ஐ-கிளாஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். எனக்குத் தெரியாத வரிகள் ஒன்பது. ஒன்பது திருடன் என்று நினைத்துவிட்டேன். உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

உண்மையில் ஒரு திருட்டுதான். அந்த ஒன்பது வரியைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று, பழைய வாட்சின் மூவ்மென்ட்டை, அதாவது உள் இயந்திரத்தை, பிரித்து ஒவ்வொரு சக்கரமும் எதைச் சுற்றுகிறது என்று பார்க்கிற மாதிரி. முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 65 ரூபாய். சிங்கப்பூர்க் கணக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் தொட்டுப் பார்த்தது அது. ரெண்டு நாள் கழித்து 2,400 வெள்ளி, அதாவது 1,56,000. அதற்கு ரெண்டு வால்: வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியதற்கு வங்கி போடும் மூன்றரை சதவீதக் கட்டணம் 5,460 ரூபாய், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 982 ரூபாய் 80 காசு. 65 ரூபாய்க்கும் அதே வால்கள், 2 ரூபாய் 28 காசும் 41 காசும். ஆக ஆறு வரி. ஒரே இடத்தில் சேர்த்துப் போட்டால் எந்த மனுஷனுக்கும் புரியும். வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று தேதிவாரியாகச் சிதறிக் கிடந்தது.

கடைப் பேர் என்று ஒன்றும் இல்லை. நாலைந்து எழுத்து, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு சொல், ஒரு எண், கடைசியில் ஊர்ப் பேர். கடைவாசலில் தொங்கும் போர்டுப் பேர் பில்லில் வராதாம். பதிவு செய்த கம்பெனியின் பேர் வரும், இல்லையென்றால் நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பேர் வரும். இடம் கொஞ்சம்தான், மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். வாட்ச் என்பதே எனக்கு வங்கிக் கிளையில்தான் தெரிந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “5944ன்னு போட்டிருக்கு சார், நகை, வாட்ச் கடைக்கான கோட்” என்றார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க வாட்ச் கடைதானே சார் வச்சிருக்கீங்க?”

“ஆமா தம்பி.”

“கடைக்கு வாங்கிட்டு மறந்திருப்பீங்களோ?”

“என் கடைச் சரக்கு மொத்தத்தையும் வித்தாலும் அந்த வாட்சோட பெட்டிகூட வராது தம்பி” என்றேன். சிரித்தார். நல்ல பையன்தான். ஆனால் நான் இதைச் செய்யவில்லை என்று நிரூபிப்பது என் வேலை இல்லை, செய்தேன் என்று நிரூபிப்பதுதான் வங்கியின் வேலை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியவில்லை, அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சுற்றறிக்கையை அப்புறம் பேத்தி படித்துச் சொன்னாள். வங்கிமேலும் தப்பில்லாமல் வாடிக்கையாளர்மேலும் தப்பில்லாமல் மூன்றாம் ஆள் புகுந்து எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குக் காசு நஷ்டம் இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் நம் தலையில் ஒரு பங்கு விழும். ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அது அதிகபட்சம் 10,000. ஏழும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். தகவல் வந்தது வியாழன் இரவு 11.52. வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஒன்று. அடுத்தது இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. திங்கள் ரெண்டு, செவ்வாய் மூன்று. நான் பில்லைப் பார்த்து சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டு, கார்டை முடக்கி, கிளைக்கு ஓடியது அடுத்த வியாழன். ஐந்தாம் நாள். ரெண்டு நாள் தாமதத்துக்குப் பத்தாயிரம்.

மெசேஜ் வந்ததே, அதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டதும் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். ஏதோ பெரிய தொகை, வாயில் நுழையாத ஒரு பேர், நீங்கள் செய்யாததென்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு வரி. அந்த வாரம் மட்டும் மின் இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம் என்று ஒன்று, பார்சல் நிற்கிறது என்று ஒன்று, கே.ஒய்.சி. முடிந்துவிட்டது என்று ரெண்டு வந்திருந்தது. இப்படி வரும் எண்ணுக்கெல்லாம் அழைக்காதீர்கள் என்று உங்கள் நாளிதழிலேயே எத்தனை தடவை படித்திருக்கிறேன். நல்ல பிள்ளையாக அழைக்காமல் விட்டேன். வந்ததிலேயே அது ஒன்றுதான் நிஜம்.

அனுப்புநர் பேரின் கடைசியில் இப்போது ஓர் எழுத்து வருகிறது, விளம்பரம் என்றால் பி, சேவைத் தகவல் என்றால் எஸ் என்று பேத்தி பிற்பாடு சொல்லிக்கொடுத்தாள். நல்லது. முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். வாடிக்கையாளர் அந்த மெசேஜுக்கே பதில் போட்டு உடனே ஆட்சேபம் சொல்ல வசதி இருக்க வேண்டும், எண்ணையும் முகவரியையும் தேடி அலைய விடக்கூடாது என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எனக்கு வந்த மெசேஜுக்குப் பதில் போட்டுப் பார்த்தேன். அனுப்பிய இடத்தில் எண்ணே இல்லை, எழுத்துகள்தான். பதில் போகவே இல்லை.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த மூன்று வரி லண்டன் என்று போட்டு 3,870 ரூபாய், அதன் ரெண்டு வால்கள். அதையும் திருட்டு என்றே எழுதிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் தன் அப்பாவின் பழைய ஃபேவர் லூபா வாட்சைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பேலன்ஸ் ஸ்டாஃப் ஒடிந்திருந்தது. வாட்சுக்குள் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சின்ன எஃகு ஊசி அது, ரெண்டு முனையும் கிட்டத்தட்டத் தலைமுடி கனம்தான். இங்கே எங்கு தேடியும் கிடைக்காமல், இங்கிலாந்தில் பழைய உதிரிபாகம் விற்பவரிடம் நானேதான் வரவழைத்தேன். அவர் இருப்பது லண்டன் இல்லை, வேறு ஏதோ சின்ன ஊர். பணம் வாங்கிக் கொடுத்த நிறுவனம் லண்டனில் இருக்கிறது, பில்லில் அதன் பேர். மறுநாள் காலையில் கிளைக்குப் போய் அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கினேன். அந்த அதிகாரி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

திருடன் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் மூடியே வருகிறது, வேண்டுமென்றால் நாம் திறந்துகொள்ள வேண்டும். அந்த ஊசிக்காக நான் திறந்தேன். திறந்ததை மூட மறந்தேன், வரம்பும் வைக்கவில்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், அவ்வளவுதான். என் எண் எங்கே எப்படிக் கசிந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

திருடன் ஏன் வாட்சைத் தேர்ந்தெடுத்தான் என்று தொழில்காரனாக எனக்குப் புரிகிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் பொருள். பெட்டியும் வாரண்டி கார்டும் இருந்தால் மறுநாளே நல்ல விலைக்குக் கைமாறும். ஆனால் அந்த விலையில் வரும் வாட்சுக்குத் தனித்தனியாக சீரியல் நம்பர் உண்டு. பின்மூடியிலோ ஸ்ட்ராப் மாட்டும் காதுகளுக்கு நடுவிலோ பொறித்திருப்பார்கள், விற்கும்போது வாரண்டி கார்டிலும் ஏறும். அந்த எண்ணைக் கடையிடம் கேட்டு வாங்குங்கள், எங்கள் மாதிரி ரிப்பேர் மேசைக்கு ஒரு நாள் வந்தே தீரும் என்று வங்கியில் சொன்னேன். தலையாட்டினார்கள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். தற்காலிக வரவு பத்து வேலை நாளுக்குள் போட வேண்டும் என்பது விதி, ஒன்பதாம் நாளே போட்டுவிட்டார்கள். ரெண்டு மாதத்தில் விசாரணையை முடித்து, வாலும் தலையும் சேர்த்துத் திருப்பி, 10,000 மட்டும் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி சரிதான். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றார் ஜெராக்ஸ் கடைத் தம்பி. ஐந்தாம் நாள் சொன்னவன் நான்தானே, என்னவென்று போவது?

எனக்கு வேண்டியது வேறு. கார்டு வாங்கும்போது எந்த மொழி என்று ஒரு கட்டம் வைத்து, டிக் அடித்தவர்களுக்கு மெசேஜைத் தமிழில் அனுப்பட்டும். பில்லில் வாலைத் தலைக்குக் கீழேயே அச்சடிக்கட்டும். மூன்று வேலை நாள் எப்போது முடிகிறது என்று வங்கியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், இரண்டாம் சனிக்கிழமை உட்பட. அதை என்னை விரல் விட்டு எண்ணச் சொல்லாமல் மெசேஜிலேயே ஒரு வரி போட்டால் போதும்: “இது நீங்கள் வாங்கியது இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள்.”

இப்படிக்கு,
வாட்ச் ரிப்பேர் கடைக்காரர்,
பெரிய கடைத் தெரு, கும்பகோணம்.